மழை கணக்கை விட்டுப் போன காலம்

நம் புள்ளிவிவரப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் என்னை நூலகத்தில் பார்த்திருப்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது வந்து, ஜன்னலோர மேசையைப் பிடித்துக்கொண்டு, கேன்டீன் டீயைக் குறை சொல்லிக்கொண்டே அதைக் குடிக்கும் அம்மாள் நான்தான். உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். மென்பொருள், மாதிரிகள், சோதனைகள் எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் நம் ஹைதராபாத் அமீர்பேட்டில் பயிற்சி வகுப்பு நடக்கும் ஏதாவது ஒரு மாடியேறினால் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எனவே அதை விட்டுவிட்டு, நான் வேலையில் இருந்த கடைசி வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

நாட்டின் பொருளாதார வரலாற்றைத் தொகுக்க டில்லியில் ஒரு குழு அமைத்திருந்தார்கள். அதில் ஓர் அத்தியாயம் நம் நிறுவனத்துக்கு வந்தது. கேள்வி எளிமையானது: இந்த நாடு எந்த ஆண்டில் தொழில்மயமாகத் தொடங்கியது? அவர்களுக்கு ஓர் ஆண்டு வேண்டும். ஒரே ஓர் ஆண்டு. பள்ளிப் பாடப்புத்தகத்தில் தடித்த எழுத்தில் போடுவதற்குத் தோதாக இருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. என் அப்பா தலைமுறையில் பலருக்குப் பிறந்த நாள் என்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் மனம்போனபடி போட்டுக் கொடுத்ததுதான். நாட்டுக்கும் அப்படி ஒன்று போடச் சொல்கிறார்கள் என்று இயக்குநரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர் நல்ல மனிதர்தான். டில்லியிலிருந்து தொலைபேசி வந்தால் மட்டும் கொஞ்சம் படபடத்துப் போவார்.

அந்த வேலையைச் செய்தவள் செல்வராணி. அப்போது ஒப்பந்த ஆய்வாளர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவுக்கு இங்கே மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் வேலை என்பதால் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில். திருநெல்வேலித் தமிழையும் ஹைதராபாத் பேச்சையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவாள். கொரோனா காலத்தில் கணவருக்கு வேலை போய்விட்டது. வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. குழு இந்த அத்தியாயத்தை ஏற்றுக்கொண்டால் திட்டம் இரண்டாம் கட்டத்துக்குப் போகும், அவள் ஒப்பந்தமும் நீளும். ஏற்காவிட்டால் அந்த மாதக் கடைசியோடு அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் எல்லாம் சுலபமாகத்தான் நடந்தது. நாடு முழுவதும் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் ஆண்டுக் கணக்கை வரிசையாக வைத்துக் கோடு போட்டோம். கோடு வெகு காலம் சோம்பலாகப் படுத்திருந்தது. பிறகு ஓர் ஆண்டில் சட்டென்று எழுந்து நின்றது. மென்பொருளும் யோசிக்காமல் அந்த ஆண்டையே காட்டியது. இயக்குநருக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே டில்லிக்குச் சொல்லிவிட்டார்.

சில நாள் கழித்து செல்வராணி என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"மேடம், அந்த வருஷம் ஆள் கூடலை. எண்ணுத விதிதான் மாறியிருக்கு. அதுவரைக்கும் பெரிய ஆலையை மட்டும்தான் ஃபேக்டரின்னு கணக்குல சேத்திருக்காங்க. சட்டத்தைத் திருத்தினதும் சின்னப் பட்டறையெல்லாம் உள்ள வந்துட்டு."

நேற்றுவரை பட்டறையில் சம்மட்டி அடித்தவன்தான் மறுநாளும் அடித்திருக்கிறான். நேற்று அவன் கணக்கில் இல்லை, இன்றைக்கு இருக்கிறான், அவ்வளவுதான் விஷயம். நாங்கள் தொழில்மயத்தின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த ஆண்டைக் கண்டுபிடித்திருந்தோம்.

இது வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். யாருக்கும் தெரியாது என்றாள். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அத்தியாயம் அப்படியே போயிருக்கும். குழுவில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வேலை நிலைத்திருக்கும். தன் சோற்றில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வது தெரிந்தேதான் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

இருவரும் இயக்குநரிடம் போனோம். அவர் வெகு நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஓர் அடிக்குறிப்புப் போட்டுவிட்டு அதே ஆண்டைக் கொடுத்தால் போதாதா என்று கேட்டார். கணக்கில் உள்ள எந்த ஓட்டையையும் அடிக்குறிப்பால் அடைத்துவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. கடைசியில், குழு வருவதற்குள் வேறு ஏதாவது கிடைத்தால் பாருங்கள், இல்லையென்றால் அடிக்குறிப்புத்தான் என்று முடித்துவிட்டார்.

எங்களிடம் இன்னொரு தொகுப்பு இருந்தது. நாட்டின் வெவ்வேறு மூலைகளில் உள்ள சில ஆலைகள், ரயில்வே பட்டறைகளிலிருந்து சேகரித்த மாதாந்தர வருகைக் கணக்கு. எந்த மாதம் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். ஆண்டுக் கணக்கைச் சரிபார்ப்பதற்காக வாங்கி வைத்திருந்தோம். வந்த அன்றைக்கே அதைச் சலவைக்குப் போட்டுவிட்டோம்.

சலவை என்பது நம் பிரிவின் பழைய வழக்குச் சொல். நான் சேர்ந்த காலத்தில் இருந்த தலைவர் ஏற்படுத்திய வழக்கம் அது. அவருடைய கட்டளை: முதலில் சலவை, பிறகுதான் பேச்சு. தீபாவளிக்கு முன்னால் துணி விற்பனை ஏறும். அதை வளர்ச்சி என்று எண்ணி ஏமாறக் கூடாது. பள்ளி திறக்கும் மாதத்தில் நோட்டுப் புத்தகம் அதிகம் விற்கும்; அதுவும் வளர்ச்சி இல்லை. அதனால் மாதக் கணக்கு எது வந்தாலும், வருடா வருடம் வந்துபோகும் ஏற்ற இறக்கத்தை முதலில் கழித்துத் தேய்த்து மடித்துவிட வேண்டும். மிச்சம் இருப்பதுதான் பேசத் தகுந்தது. அவர் சொன்னது சரிதான், பத்துக்கு ஒன்பது வேலையில் இன்றைக்கும் சரி. உலகம் முழுக்க நம் தொழிலில் இதைத்தான் செய்கிறார்கள். கழித்தது எங்கே போகிறது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

குழுவுக்கு முன்னால் பேசுவதற்கு ஓர் ஒத்திகை வைத்தோம். பதற்றத்தில் செல்வராணி கோப்பை மாற்றித் திறந்துவிட்டாள். திரையில் சலவைக்குப் போகாத பச்சைக் கணக்கு வந்து நின்றது. மேலும் கீழுமாக ரம்பப் பல் போல ஒரு கோடு. இயக்குநர் எரிச்சலோடு, இந்தக் கண்றாவியை யார் காட்டச் சொன்னது என்று தெலுங்கில் கேட்டார். அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மூடப் போனாள்.

"நக்கோ, மூடாதே," என்றேன். என் வாயில் ஹைதராபாத் தானாக வந்தது என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

இடது ஓரத்தில், பழைய ஆண்டுகளில், பற்கள் பெரிதாக இருந்தன. ஒவ்வொரு வருடமும் விதைப்புக் காலத்தில் கோடு பள்ளத்தில் விழுந்து, பிறகு மேலே வந்து, அறுப்புக் காலத்தில் மறுபடி விழுந்தது. ஆலையில் வேலை செய்தவர்கள் நிலத்தைத் தேடி ஊருக்குப் போயிருக்கிறார்கள். திரையில் வலப்புறம் போகப் போகப் பற்கள் சிறுத்தன. பிறகு இன்னும் சிறுத்தன. பிறகு, எந்த இடம் என்று விரல் வைக்க முடியாதபடி, கோடு சமமாகிவிட்டது. விதைப்பு வந்தது, போனது. அறுப்பு வந்தது, போனது. ஆலையில் யாரும் நகரவில்லை.

ஒரு நாடு விவசாயத்திலிருந்து எழுந்து வேறிடத்தில் போய் உட்கார்ந்ததை நாங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம். இவ்வளவு வருடம் எண்களோடு வாழ்ந்தவள் நான். அன்றைக்குத்தான் எண்களுக்கு முன்னால் எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது. நாங்கள் தேடியது முழுவதும், அழுக்கு என்று நாங்களே கழுவிக் கொட்டிய தண்ணீரில் இருந்திருக்கிறது.

வியந்துவிட்டால் மட்டும் போதாது, சந்தேகமும் பட வேண்டும். அது நம் தொழில் தர்மம். விடுப்பு விதிகள் கடுமையானதால் ஆட்கள் போகாமல் இருந்திருக்கலாமே என்று நான்தான் ஆரம்பித்தேன். செல்வராணி மழைக் கணக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதில்தான் இரண்டாவது அதிசயம் இருந்தது. பழைய ஆண்டுகளிலும் அங்கங்கே பற்கள் காணாமல் போயிருந்தன. எல்லாம் மழை பொய்த்த ஆண்டுகள். ஊருக்குப் போய் விதைக்க ஒன்றும் இல்லை. ஆட்கள் ஆலையிலேயே இருந்துவிட்டார்கள். மறுவருடம் மழை பெய்ததும் பல் திரும்பி வந்துவிடும். ஆனால் வலது ஓரத்து ஆண்டுகளில் மழை பெய்தாலும் பொய்த்தாலும் கோடு அசையவே இல்லை. விதி கடுமையானதுதான் காரணம் என்றால், பழைய காலத்தில் பஞ்ச வருடம் பார்த்து மட்டும் விதி கடுமையாகி, மறுவருடம் தளர்ந்திருக்க முடியாது. ஆலைக் கணக்கை விட்டு மழை கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியிருந்தது.

பிறகு ஒவ்வொரு ஊரையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தோம். பருத்தி ஆலை, சணல் ஆலை, பட்டறை. ஓர் ஊரில் பள்ளம் விழும் மாதமும் இன்னோர் ஊரில் விழும் மாதமும் வேறு, ஏனென்றால் மழை வரும் மாதம் வேறு. சில இடங்களில் பற்கள் சீக்கிரம் சிறுத்தன, சில இடங்களில் தாமதமாக. ஆனால் விடுப்பு விதி ஆலைக்கு ஆலை வேறாக இருந்தும் எல்லா இடத்திலும் சிறுத்தன. அந்த மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, எல்லோருமாகப் பேசி வைத்துக்கொண்டு செய்யவும் இல்லை. செல்வராணி ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க எனக்குப் பயம்போல ஒன்று வந்தது. கோவிலில் கர்ப்பகிருகத்துக்கு மிக அருகில் போய்விட்டால் வருமே, அந்த மாதிரி.

கடைசியாகத் திறந்தது செகந்திராபாத் ரயில்வே பட்டறை.

என் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து அந்தப் பட்டறைக்கு ஃபிட்டராக வந்தவர். அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். நான் பிறந்தது பட்டறைக் காலனியில். எங்கள் வீட்டில் ஒரு பழைய சண்டை உண்டு. தாத்தா வருடா வருடம் ஆடியில் சம்பளமில்லாத லீவு போட்டு ஊருக்குப் போய், அண்ணனோடு சேர்ந்து விதைத்துவிட்டு வருவாராம். ஓர் ஆடிக்குப் போகவில்லை. "இங்க வேலை இருக்குது, நீயே பாத்துக்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். பட்டணத்துத் திமிர் என்று அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கும் கல்யாணங்களில் எங்களைப் பார்த்தால் சாப்பாட்டுப் பந்தியை மாற்றி உட்காருவார்கள். எங்களுக்கு அது எங்கள் வீட்டு விவகாரம். தாத்தாவின் குணம், பெரிய தாத்தாவின் ரோஷம் என்றே பேசி வந்திருக்கிறோம்.

திரையில் செகந்திராபாத்தின் ஆடிப் பள்ளங்கள் ஒவ்வொன்றாகத் தூர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பள்ளங்களில் ஏதோ ஒன்றில் என் தாத்தா ஊரில் இருக்கிறார். அடுத்த ஏதோ ஒன்றில் அவர் இல்லை. தூர்ந்துபோன இடத்தில் எத்தனை பேர் அதே வருடங்களில் அதே சொல்லைச் சொல்லி அனுப்பியிருப்பார்கள், எத்தனை அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்துச் சண்டைதான் இந்த நாடு தொழில்மயமான விதம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அழுகை வந்தது. செல்வராணி பார்த்தும் பார்க்காததுபோல் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.

ஆனால் இதில் ஓர் ஆண்டு இல்லை. அதுதான் பிரச்சினை. பற்கள் சிறுக்கத் தொடங்கியதற்கும் மறைந்ததற்கும் நடுவில் ஒரு தலைமுறை முழுவதும் இருந்தது. குழுவுக்கு வேண்டியது ஓர் ஆண்டு, எங்கள் கையில் இருந்தது ஒரு தலைமுறை. அடிக்குறிப்போடு அந்தப் பொய் ஆண்டைக் கொடுத்தால் செல்வராணியின் வேலை தப்பும். நான் எப்படியும் சில மாதங்களில் ஓய்வு பெறப் போகிறவள், எனக்குப் போவது ஒன்றுமில்லை. போகப் போவது அவளுக்கு என்னும்போது நான் வீரம் பேசுவது நியாயமில்லை. எதைக் காட்டுவது என்று நீயே முடிவு செய், எதுவானாலும் நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

"ஹவ் மேடம், ஆமா, எனக்கு வேலை வேணும்தான்," என்றாள். "ஆனா இதைப் பாத்த பொறவு அதைக் காட்டச் சொன்னா எனக்குக் கை வராது."

குழுத் தலைவர் மூத்த பொருளாதார நிபுணர், அதிகம் பேசாதவர். எடுத்த எடுப்பில் ஆண்டு எது என்று கேட்டார். தொலைபேசியில் சொன்ன ஆண்டு தவறு, ஏன் தவறு என்று செல்வராணி விளக்கினாள். பிறகு பற்களைக் காட்டினாள். அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், விரலால் கோட்டைத் தொடர்ந்து போனார். நடுவில் சமமாக இருந்த இடங்கள் என்ன என்று கேட்டார். மழை பொய்த்த வருடங்கள் என்று அவள் சொன்னதும் விரல் அங்கேயே நின்றுவிட்டது. பிறகு திரும்பி, எல்லாம் சரி, நான் எந்த ஆண்டைப் போடுவது என்றார்.

எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று காட்ட முடியும், நடுவில் எந்த ஓர் ஆண்டும் இதைச் செய்யவில்லை, அதனால் ஓர் ஆண்டைத் தர மாட்டேன் என்று அவள் சொன்னாள். தர முடியாது என்று சொல்லவில்லை, தர மாட்டேன் என்றே சொன்னாள். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அத்தியாயத்தைக் குழு அந்தத் தொகுதியிலிருந்து எடுத்துவிட்டது. மாதக் கடைசியில் செல்வராணி அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அமீர்பேட்டில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போனாள். மெட்ரோ நெரிசலில் ஒரு நாள் அவளைப் பார்த்தேன். கையில் சாக்பீஸ் தூள் இருந்தது. குறையாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று உங்களுக்கு நான் உறுதி கொடுக்கப் போவதில்லை. நடக்காமலும் போகும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு குழுத் தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவரும் சும்மா இருக்கவில்லை. தன் மாநிலத்து ஆலைகளின் பழைய மாதக் கணக்கைத் தேடி எடுத்து, சலவை செய்யாமல், தன் கையாலேயே கோடு போட்டுப் பார்த்திருக்கிறார். அங்கேயும் பற்கள் சிறுத்திருக்கின்றன. இதற்குத் தனித் தொகுதியே வேண்டும், அந்தப் பெண்ணை அனுப்புங்கள் என்றார். அவள் வந்தாள். முதலில் ஒப்பந்தத்தில், பிறகு நிரந்தரமாக. இன்றைக்கு நீங்கள் விடுப்புக் கேட்டு யார் முன்னால் போய்த் தலையைச் சொறிகிறீர்களோ, அந்தப் பிரிவுத் தலைவர் அவள்தான்.

போன மாதம் நூலகத்தில் இருந்த என்னை ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். ஜீடிமெட்லா மருந்து ஆலைகள் சிலவற்றின் ஒப்பந்தத் தொழிலாளர் வருகைக் கணக்கு வந்திருந்தது. இந்தக் காலத்துக் கணக்கு. சலவைக்குப் போகவில்லை.

"மேடம், பல்லு திரும்ப முளைச்சிருக்கு," என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். விதைப்புக் காலத்தில் ஒரு பள்ளம். அறுப்புக் காலத்தில் ஒரு பள்ளம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நிற்கிறவர்கள். அருகில் அந்த ஊர்களின் மழைக் கணக்கை அவள் முன்பே வைத்திருந்தாள். மழை நன்றாக வந்த வருடத்தில் பள்ளம் ஆழமாக இருந்தது, பொய்த்த வருடத்தில் இல்லை. என் தாத்தா காலத்தில் கணக்கை விட்டுப் போன மழை வேறு மனிதர்கள் வழியாகத் திரும்பி வந்திருந்தது. முடிந்துவிட்டதாக நாங்கள் எழுதிக் கொடுத்த ஒன்று, நம் ஊரின் கோடியில், நம் காலத்திலேயே, மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தது. கையில் இருந்த டீ ஆறிப்போனது தெரியாமல் நின்றேன். அதைக் குறை சொல்லவும் தோன்றவில்லை.

அந்தக் கணக்கு இனி உங்கள் மேசைக்கு வரும். சலவைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை அப்படியே பாருங்கள். இந்த வருடப் பள்ளத்தில் யாரோ ஒருவர் ஊருக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த வருடமும் விதைக்க வர வேண்டுமா என்று அவருக்கும் அவர் அண்ணனுக்கும் பேச்சு நடக்கும். அவர் போகாமல் நின்றுவிடும் வருடத்தை நீங்கள் பார்ப்பீர்கள், நான் பார்க்க மாட்டேன்.